தரங்கம்பாடிச் செப்புக்காசு

சுவாமிமலையில் செம்பை உருக்கி வார்ப்பார்கள். மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அந்தக் கூட்டுக்குள் உலோகக் குழம்பை ஊற்றுவது ஸ்தபதிகளின் முறை. இதே டெல்டாவின் கடற்கரையில், தரங்கம்பாடியில், செம்பை அடித்துக் காசாக்கியிருக்கிறார்கள். அடிக்கச் சொன்னவர்கள் டென்மார்க்காரர்கள்.

1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு டேனியர் அங்கே டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். 1845இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். இடையில் வெளியிட்ட சில்லறை முதலில் ஈயம், பிறகு செம்பு. 1, 2, 4, 10 காசு என்று மதிப்பு. 80 காசு ஒரு வெள்ளிப் பணம்.

அதே காலத்து ஸ்வீடனில் வெள்ளி குறைவு, ஃபாலூன் சுரங்கத்தில் செம்போ ஏராளம். உலோகத்தின் விலையே நாணயத்தின் மதிப்பு என்று வைத்ததால், 1644இல் அங்கே வெளியான பத்து டாலர் செப்புத் தகடு ஏறக்குறைய 20 கிலோ எடை. நம்மூர் நாலு காசோ ஏறக்குறைய இரண்டரை கிராம்தான்!

தரங்கம்பாடியில் சிறிய செப்புத் துண்டை அச்சின்மேல் வைத்துச் சம்மட்டியால் அடிப்பார்கள். அச்சு பெரிது, துண்டு சிறிது. கிரீடம் பாதி விழும், ஆண்டு விளிம்புக்கு வெளியே போய்விடும். எஞ்சிய கோடுகளை வைத்துக் காசைப் படிப்பதில்தான் சேகரிப்பின் முழு இன்பமும் இருக்கிறது என்பேன். கிரீடத்தின் கீழே ‘சி’ எழுத்தும் அதன் வயிற்றில் 7உம் இருந்தால் டேனிய அரசர் ஏழாம் கிறிஸ்டியன். ‘எஃப்’ எழுத்தோடு ரோமன் ஆறு தெரிந்தால் ஆறாம் ஃபிரெடரிக். மறுபக்கத்தில் டி, ஏ, சி மூன்றும் பின்னிக் கிடந்தால், 1732இல் தொடங்கிய டேனிஷ் ஆசியக் கம்பெனி ஊரை ஆண்ட காலம். 1777இல் அரசரே நிர்வாகத்தை ஏற்றுக்கொண்டார். புதிதாகத் தொடங்குபவர்கள் 1800களின் நாலு காசை முதலில் தேடலாம். ஓரளவு எளிதில் கிடைக்கும், மதிப்பும் ஆண்டும் பின்புறத்திலேயே இருக்கும்.

கையில் கிடைத்ததும் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், தயவுசெய்து. குத்துவிளக்குக்குப் புளி சரி. காசின் மேலே படிந்த கரும்பச்சைப் படலம்தான் அதைக் காக்கிறது. புளியின் அமிலம் படலத்தோடு மெல்லிய கோடுகளையும் தின்றுவிடும். வெளிர்பச்சைத் தூள் உதிர்ந்தால் மட்டும் அது அரிப்பு நோய். உடனே ஈரமில்லாத இடத்தில் தனியே வையுங்கள். மண்ணில் புதையலாகக் கிடைத்தால் 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறு வயது தாண்டிய காசை உரிமமின்றி வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம்.