கோல் காவலருக்கு முன்னால் நின்றவன்

தோட்டத்துக் காற்பந்தில் கோல் அடித்தவன் பெயரைத்தான் மறுநாள் காலை பெரட்டில் பேசுவார்கள். பின்னால் நின்று பத்துப் பந்தைத் தடுத்தவனை, விட்டுவிட்ட பதினோராவது பந்துக்காக ஞாபகம் வைத்திருப்பார்கள். நான் நெகிரி செம்பிலானில், லிங்கிப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். ஆடிய காலம் முழுக்க நடுத் தற்காப்புதான். மாநில அணியின் சட்டையைப் போடும் வாய்ப்பு அமையவில்லை. மாவட்ட லீக், மாநில லீக், அதற்கு மேல் எஃப்ஏஎம் கிண்ணத்தில் சில பருவங்கள். இன்று பிள்ளைகளுக்குப் பயிற்றுநர். சொல்லிக் கொடுப்பதில் பெரும்பகுதி, அந்தப் பின்வரிசையில் நின்று கண்டுகொண்டதுதான்.

எங்கள் திடலில் ஒரு கோலுக்குப் பின்னால் பால்மரம், மறு கோலுக்குப் பின்னால் மாரியம்மன் கோயில். உயரமான பையனைக் கண்டால் அண்ணன்மார்கள், “டேய், நீ பின்னால நில்லு” என்பார்கள். அப்படித்தான் நானும் நின்றேன். ஆனால் எங்கள் வட்டாரத்தில் அந்த இடத்துக்கு ஒரு பெரிய மரியாதை இருந்தது. லிங்கி ஆற்றுக்கு அந்தக் கரை மலாக்கா, அலோர் காஜா மாவட்டம். சோ சின் ஆன் பிறந்த மண் அது. ‘தவ்கே’ என்று நாடே அழைத்த அந்தத் தற்காப்பு ஆட்டக்காரரும் சந்தோக் சிங்கும் தேசிய அணியில் பின்னால், ஆர். ஆறுமுகம் கோலில். 1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார்கள். நாடு அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் போக முடியவில்லை. வெற்றிக் கோலை அடித்த ஜேம்ஸ் வோங்கின் பெயரைச் சொல்லித் தோட்டத்துப் பையன்கள் குதித்தபோது, எனக்குச் சோ சின் ஆன்தான் வேண்டியிருந்தது.

அவர்கள் காலத்து முறையை இன்றைய வாசகருக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். நடுவில் இரண்டு பேர். ஒருவர் எதிரணியின் முன்னணி ஆட்டக்காரரோடு ஒட்டிக்கொண்டு மோதுவார். அவர் ஸ்டாப்பர். இன்னொருவர் சற்றுப் பின்னால் தள்ளி நின்று, முன்னவரைத் தாண்டி வருவதையெல்லாம் துடைத்தெடுப்பார். அவர் ஸ்வீப்பர். ஸ்வீப்பருக்கு வேகத்தைவிட முன்கூட்டிய பார்வை வேண்டும். பந்து வந்த பிறகு ஓடினால் தாமதம். பந்தை அனுப்பப் போகிறவனின் இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்து நகர வேண்டும். பின்னாளில் இந்த முறை போய், நான்கு பேரும் ஒரே கோட்டில் நிற்கும் முறை வந்தது. அப்போது ஒருவன் இரண்டடி தூங்கினாலும் ஆஃப்சைடு வலை கிழிந்துவிடும். அவனால் மற்ற மூன்று பேருடைய உழைப்பும் வீண். 1990-இல் ஆஃப்சைடு விதியும் தாக்குபவனுக்குச் சாதகமாகத் தளர்ந்தது. எதிரணியில் கடைசிக்கு முந்தைய ஆட்டக்காரனோடு சமமாக நின்றாலே போதும், அவன் ஆட்டத்தில் இருக்கிறான்.

என் தலைமுறையை உண்மையில் உலுக்கியது 1992-இல் வந்த மாற்றம். அதற்கு முன் நெருக்கடி வந்தால் பந்தைக் கோல் காவலரிடம் திருப்பிக் கொடுப்போம், அவர் கையில் எடுத்துக்கொள்வார், எல்லோரும் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். இனிமேல் வேண்டுமென்றே காலால் திருப்பி அனுப்பிய பந்தைக் காவலர் கையால் தொடக் கூடாது என்று சட்டம் சொல்லிவிட்டது. தொலைக்காட்சியில் வரும் அணிகளுக்குப் பயிற்சி கொடுக்க ஆள் இருந்தது. கீழ்ப்படியில் ஆடிய எங்களுக்கு, திடலில் நடந்த கூட்டத்தில் ஒருவர் விதியைப் படித்துக் காட்டியதோடு சரி. இடது காலைக் கட்டைபோல வைத்திருந்த தற்காப்பாளர்கள் பலர் அந்த ஓரிரு ஆண்டுகளில் காணாமல் போனார்கள். நான் ஷிப்ட் முடிந்து வந்து, லயத்துச் சுவரில் இடது காலால் பந்தை அடித்து அடித்துப் பழகினேன். 1998 உலகக் கிண்ணத்தின்போது, பின்னாலிருந்து ஆபத்தாகப் பாய்ந்து தடுத்தால் சிவப்பு அட்டை என்ற கண்டிப்பும் வந்தது. ‘ஆளை வெட்டு’ என்று கத்திய காலம் அதோடு முடியத் தொடங்கியது. எனக்கு அது நல்ல காலம். விழுந்து தடுப்பதில் எனக்கு என்றும் விருப்பமில்லை. தரையில் கிடக்கும் தற்காப்பாளனால் அடுத்த பந்துக்கு எதுவும் செய்ய முடியாது.

வயிற்றுப்பாடு தொழிற்சாலையில்தான். செனவாங்கில் வேலை, மாலையில் பயிற்சி, ஞாயிறு ஆட்டம், சில வாரம் ஆட்டம் முடிந்த கையோடு இரவு ஷிப்ட். நான் ஆடிய கிளப் ஒன்று படித்தொகையை இழுத்தடித்து, கடைசியில் அணியையே கலைத்துவிட்டது. கீழ்ப்படியில் ஆடியவர்களில் இப்படி ஒரு கதை இல்லாதவர் குறைவு. முழங்கால் வீங்கத் தொடங்கியபோது ஆட்டத்தை விட்டேன். திடலை விட மனம் வரவில்லை.

பயிற்றுநராவதற்கான படிகளைப் பலர் என்னிடம் கேட்கிறார்கள். முதலில் மலேசியக் காற்பந்துச் சங்கத்தின் ‘டி’ உரிமம். பிறகு ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் ‘சி’, ‘பி’, ‘ஏ’, எல்லாவற்றுக்கும் மேலே ‘புரோ’. வகுப்பில் உட்கார வேண்டும், பயிற்சித் திட்டத்தை எழுதிக் காட்ட வேண்டும், திடலில் நடத்திக் காட்டி மதிப்பீட்டைத் தாண்ட வேண்டும். தமிழ்ப்பள்ளியில் படித்து நேரே வேலைக்குப் போனவனுக்கு எழுதுவதுதான் பெரிய மலை. நடத்திக் காட்டுவது எனக்குச் சிரமமாக இல்லை. நடுத் தற்காப்பில் நிற்பவனுக்கு முழுத் திடலும் கண்முன் தெரியும். அவன் தொண்ணூறு நிமிடமும் பேசிக்கொண்டே இருக்க வேண்டும்: “நாயிக்! நாயிக்!” என்று வரிசையை மேலே தள்ள வேண்டும், “பெலாக்காங்!” என்று பின்னால் வரும் ஆளைச் சொல்ல வேண்டும், தளர்ந்த தம்பியைத் தட்டிக் கொடுக்க வேண்டும். அந்த வேலையைக் கோட்டுக்கு வெளியே நின்று செய்வதுதான் பயிற்றுநர் வேலை என்று எனக்குப் பட்டது.

நம்மவர்கள் மேலே போக முடியும் என்பதை 2010 காட்டியது. கே. ராஜகோபால் பயிற்றுநராக இருந்த தேசிய அணி, புக்கிட் ஜாலிலில் இந்தோனேசியாவை 3-0 என வீழ்த்தி, ஜகார்த்தாவில் 1-2 எனத் தோற்றும், ஆசியான் கிண்ணத்தை முதல்முறையாக வென்றது. அதற்கு முந்தைய ஆண்டு அவர் லாவோசில் சீ விளையாட்டுத் தங்கத்தையும், இருபது ஆண்டு இடைவெளிக்குப் பின், கொண்டுவந்திருந்தார். எங்கள் நெகிரி செம்பிலானை 2021-இல் பிரீமியர் லீக் வாகையராக்கி சூப்பர் லீக்குக்கு ஏற்றியவர் கே. தேவன். பையன்களுக்கு நான் அதிகம் சொல்வது எஸ். குணாளனை. நெகிரி செம்பிலானுக்கு ஓரத்தில் பறந்து தாக்கிய அவர், பின்னர் ஜொகூர் டாருல் தாக்சிமில் வலப்புறத் தற்காப்பாளராகவும் ஆடினார். தற்காப்புக்குத் தள்ளப்பட்டால் அழும் பிள்ளைகளுக்கு அவர் கதை மருந்து.

என் பயிற்சியில் ஒரு நீளக் கயிறு இருக்கும். நான்கு பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டு, பந்து போகும் பக்கம் சேர்ந்து நகர வேண்டும். கயிறு தொய்ந்தால் இடைவெளி சுருங்கிவிட்டது, இழுத்தால் விரிந்துவிட்டது. யாரும் விளக்க வேண்டியதில்லை, கையே சொல்லிவிடும். அடுத்து, தனியாக வரும் ஆளை எதிர்கொள்வது. நேராக நெஞ்சைக் காட்டி நிற்காதே, பக்கவாட்டில் திரும்பி, முழங்காலை மடித்து, அவனைக் கோட்டுப் பக்கம் ஓட்டிக்கொண்டு போ. பந்தைப் பறிக்க அவசரம் வேண்டாம், நண்பன் வந்து சேரும்வரை தாமதப்படுத்தினாலே பாதி வேலை முடிந்தது. ஓரத்தில் நிற்கும் அப்பாமார்கள் “அடிச்சு விடுடா!” என்று கத்துவார்கள். அவர்களிடம் போய், “அண்ணே, பந்த வச்சு ஆட விடுங்க, தப்பு பண்ணட்டும்” என்று கேட்டுக்கொள்வேன். பன்னிரண்டு வயதில் பந்தைத் தூர அடித்துத் தப்பிப் பழகியவன், பதினேழு வயதில் ஒரு நல்ல அணிக்குத் தேர்வாவது கடினம்.

நான் ஆடிய தோட்டத் திடல்களில் பல இன்று இல்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின, குடும்பங்கள் ரந்தாவ், சிரம்பான், போர்ட்டிக்சன் பக்கத்துத் தாமான்களுக்குப் போய்விட்டன. முன்பு தோட்டத்துக்குத் தோட்டம் அணி இருந்தது. வெள்ளி மாலை லோரியில் ஏறினால் எதிரணி கிடைக்கும். இப்போது திறமையான பையனுக்குக் கம்போங் அணியோ அகாடமியோதான் வழி, அகாடமிக்கு மாதக் கட்டணம் வேண்டும். பகாங் காம்பாங்கில் இருக்கும் மொக்தார் டஹாரி அகாடமி போன்ற இடங்கள் நாட்டிலேயே சிறந்த சிலரை எடுத்துக்கொள்ளும். மீதிப் பேர்? மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் அணி 2017-இல் பிரீமியர் லீக்கில் ஆடியது. பிறகு பெட்டாலிங் ஜெயா சிட்டி என்று பெயர் மாறி, கடைசிப் பருவங்களில் வெளிநாட்டு ஆட்டக்காரர் இல்லாமலேயே சூப்பர் லீக்கில் தாக்குப்பிடித்தது. 2022 பருவத்தோடு அதுவும் விலகிவிட்டது. நம் பையன்களுக்கு இருந்த ஒரு பெரிய கதவு அது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆற்றாமைதான்.

தமிழ்ப்பள்ளி அணி பன்னிரண்டு வயதோடு முடிகிறது. இடைநிலைப் பள்ளியில் இடம் கிடைக்காதவன் பதினான்கு வயதுக்குள் காலணியைக் கழற்றிவிடுகிறான். இந்த இடைவெளியைத்தான் அடைக்கப் பார்க்கிறேன். லிங்கி, சிலியாவ், ரந்தாவ், லுக்குட் பக்கத்திலிருந்து பதினான்கு வயதுக்குட்பட்ட அணிகள் சேர்ந்தால், மாதம் இரண்டு ஞாயிறு ஒரு சிறு லீக் நடத்திவிடலாம். நடுவர்களாக நிற்கப் பழைய ஆட்டக்காரர்கள் தயார். வேண்டியது ஊராட்சித் திடலில் ஒரு காலை நேரமும், பிள்ளைகளைக் கொண்டுவந்து விட ஒரு வேனும்.