கண்மாய் மீனின் பக்குவம்

மல்லாங்கிணறு, திருச்சுழிப் பக்கத்துக் கரிசற் கிராமங்களில், ஐப்பசி கார்த்திகை மழையில் பெருகிய கண்மாய்கள் கோடையில் வற்றும்பொழுது விரால் மிகுதியாய் அகப்படும். குழந்தைகளுக்கேற்ற இந்த ஆகாரத்தைச் சேற்று வாடையென ஒதுக்குவதும், எண்ணெயில் கருக வறுப்பதும் வீண்.

விராலின் சதை வெண்மையானது, முள் குறைந்தது. 100 கிராமில் ஏறக்குறைய 18 கிராம் புரதமுண்டு. கொழுப்பு மிகச் சொற்பம். ஆதலால் நெடுநேரம் அடுப்பிலிருந்தால் சதை வறண்டுவிடும்.

முதலில் சாம்பலில் புரட்டி வழுவழுப்பைப் போக்கி, செதிளையும் குடலையும் களைக. கல்லுப்பும் மஞ்சளும் தேய்த்துக் கழுவி, புளித்தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைக்க. புளிப்பு சேற்று வாடையை முறிக்கும்.

பின்னர் மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் ஆகியவற்றைச் சிறிது உப்புடன் அரைத்து, விரற்கனத் துண்டங்களில் தடவி, வாழையிலையில் மடித்து, இட்டலிப் பானையில் ஆவி வந்தபின் 12 நிமிஷம் வைக்க. சதை முழுதும் வெளுத்து, இதழிதழாகப் பிரிவதே பக்குவம். அரைவேக்காட்டு விராலில் புழுக்கள் உயிருடன் தங்கக்கூடுமாதலால் அது ஆகாது.

குழம்பாயின், புளிக்கரைசல் நன்கு கொதித்த பின்னரே துண்டங்களை இடுக. கரண்டியாற் கிளறாமல் சட்டியைச் சுழற்றி இறக்குக.

விரால் காற்றைச் சுவாசிப்பதாகையால், ஈரமிருந்தால் கரையிலும் சில மணி நேரம் உயிரோடிருக்கும். உயிருள்ளதை வாங்கி, சமைக்கும் வேளையிலேயே அறுப்பது உத்தமம். குடியானவர் இல்லங்களில் இம்முறையை ஒருமுறை செய்து பார்ப்பார்களாக.