தரவுத் தடம் – 14: ரூட்டுக்கே கதவடைப்பு

ஒரகடத்து உதிரிபாக ஆலையில் நான்கு கணினிகளைக் கோத்து, தரவைப் பகிர்ந்து வைக்கும் ஹடூப் நிறுவினோமே, நினைவிருக்கும். இல்லாதவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள். அதில் தரவைச் சுமக்கும் டேட்டாநோடு ஏன் எழும்ப மறுக்கிறது என்று இந்த வாரம் சொல்வதாக இருந்தேன். அதற்குள் வேறொன்று குறுக்கே வந்துவிட்டது.

பிரஸ் ஷாப் சென்சார் பதிவுகளை ஹடூப்பின் கோப்பு முறைமையான எச்டிஎஃப்எஸ்ஸுக்குள் ஏற்றப் போனார் அங்குள்ள இளம் பொறியாளர். திரையில், ‘பெர்மிஷன் டினைடு: யூசர்=ரூட், ஆக்சஸ்=ரைட்’.

“நானே ரூட் சார். என்னையே தடுக்குது!”

லினக்ஸில் தலைமைப் பயனரான ரூட் வைத்ததுதான் சட்டம். ஹடூப்பில் அவருக்குத் தனி மரியாதை கிடையாது. கோப்புப் பட்டியலை வைத்திருக்கும் நேம்நோடை எந்தப் பயனர் பெயரில் இயக்கினோமோ, அவர்தான் சூப்பர்யூசர். பெரும்பாலும் அந்தப் பெயரும் ‘எச்டிஎஃப்எஸ்’தான். யோசித்தால் நியாயம் புரியும். கணினிக்கு ஒரு ரூட் உண்டு. நூறு கணினி சேர்ந்தால் நூறு ரூட். யார் பேச்சைக் கேட்பது?

தீர்வு சின்னது. எச்டிஎஃப்எஸ் பயனராக மாறி, ‘யூசர்’ ஃபோல்டருக்குள் பொறியாளர் பெயரில் ஒன்று உண்டாக்கி, அதை அவர் பெயருக்கே மாற்றி எழுதிவிட்டு, அவரும் ரூட்டாக இல்லாமல் தன் பெயரிலேயே நுழைந்தால் போதும். ஃபோல்டர் யாருடையது, எந்தக் குழு, என்ன அனுமதி என்பதெல்லாம் அந்தப் பிழைச்செய்தியின் வாலிலேயே இருக்கிறது. யாரும் அதுவரை படிப்பதில்லை.

என்னைத் தூங்கவிடாத விஷயம் இனிமேல்தான். ஆள் யாரென்று சரிபார்க்கும் கெர்பரோஸ் போடாத ஹடூப், நீங்கள் சொல்லும் பெயரை அப்படியே நம்பும். ‘ஹடூப் யூசர் நேம்’ என்ற சூழல் மாறியில் எச்டிஎஃப்எஸ் என்று எழுதுங்கள். அடுத்த நொடி நீங்கள்தான் சூப்பர்யூசர். காண்ட்ராக்ட் தொழிலாளி ஐடி கார்டு இல்லாமல் கேட்டைத் தாண்ட முடியாத ஒரகடத்தில், “நான்தான் பிளான்ட் மேனேஜர்” என்றதும் சல்யூட் அடித்துத் திறக்கும் செக்யூரிட்டி! 2008-இல் 0.16 பதிப்பில் இந்த அனுமதி முறை வந்தபோது, திருடனைப் பிடிப்பது அதன் வேலையாக இல்லை; கூட வேலை செய்பவர் கைதவறி அழித்துவிடாமல் இருந்தால் சரி, அவ்வளவுதான்.

எரிச்சலில் எல்லாவற்றுக்கும் 777 போட்டு, எல்லோருக்கும் எல்லா அனுமதியும் கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு. மண்வாசனையோ என்னவோ. பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமாநுஜர், ரகசியமாகப் பெற்ற எட்டெழுத்து மந்திரத்தைத் திருக்கோஷ்டியூரில் கோபுரம் ஏறி ஊரறியச் சொன்னார் என்பது வைணவ மரபு. மோட்சத்துக்கு அது சரி. உற்பத்திக் கணக்குக்கு ஆகாது. பழைய பதிப்புகளில், தன் ஃபோல்டருக்கு அனுமதி தாராளமாக இருந்தாலே டேட்டாநோடு முரண்டு பிடித்து நின்றுவிடும்.

அட, டேட்டாநோடு! ஒரு வரி மட்டும்: அது தரவை வைக்கும் வட்டில் செல்லுபடியாவது ஹடூப்பின் அனுமதி அல்ல, லினக்ஸின் அனுமதி. யாரோ ஒருமுறை சூடோ போட்டு ரூட்டாக இயக்கியதில் அந்த வட்டின் ஃபோல்டர் ரூட் பெயருக்குப் போயிருந்தது. மீட்ட கதையும் கெர்பரோஸும் அடுத்த வாரம்.