டீசல் பொறி இயங்கத் தொடங்காமை

டீசல் பொறி இயங்கத் தொடங்காமை என்பது, சாவியைத் திருப்பிய பின்னரும் பொறியில் எரிபொருள் பற்றாமல், பொறி தானாகச் சுழல இயலாத நிலையைக் குறிக்கும். இது பழைய சிறு சரக்கு ஊர்திகளில் பரவலாகக் காணப்படும் பழுதாகும். தமிழ்நாட்டில் 'குட்டி யானை' என அழைக்கப்படும் டாடா ஏஸ் இவ்வகை ஊர்திகளுள் ஒன்று. 2005 ஆம் ஆண்டு அறிமுகமான இதன் முதல் வகையில் 702 கன செ.மீ. கொள்ளளவுள்ள இரு உருளை டீசல் பொறி இருந்தது. தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் போன்ற பூச்சந்தை ஊர்களில், மல்லிகை வாடுமுன் சந்தை சேர வேண்டியிருப்பதால் இப்பழுது நேரடியாக வருவாயைப் பாதிக்கும்.

அடிப்படை

டீசல் பொறியில் தீப்பொறிச் செருகி இல்லை. காற்று 15 முதல் 22 மடங்கு வரை அமுக்கப்பட்டு, 500 °செ. அளவில் சூடாகிறது. அதில் பீய்ச்சப்படும் டீசல் தானாகவே பற்றிக்கொள்கிறது. எனவே போதிய சுழல்வேகம், காற்றுக் குமிழ் கலவாத டீசல், போதிய அமுக்கம் ஆகிய மூன்றும் தேவை. பழுதும் இம்மூன்றுள் ஒன்றிலேயே இருக்கும்.

சுழல்வேகம்

பொறி மெதுவாகச் சுழன்றாலோ 'டிக்' என்ற ஒலி மட்டும் கேட்டாலோ முதலில் பாட்டரியைச் சோதிக்க வேண்டும். முழு மின்னேற்றம் பெற்ற 12 வோல்ட் பாட்டரி, ஓய்வு நிலையில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டுக்குக் கீழ் இருப்பின் மின்னேற்றம் தேவை. வெப்ப மிகுதியான ஊர்களில் பாட்டரியின் ஆயுள் குறையும். பாட்டரி நன்றாக இருந்தும் பொறி சுழலாவிடில், முனைகளில் படிந்த உப்பு, தளர்ந்த எர்த் கம்பி, ஸ்டார்ட்டர் மோட்டார் என்ற வரிசையில் ஆராயலாம்.

புகை காட்டும் குறி

பொறி நன்கு சுழன்றும் தொடங்காதபோது புகைக்குழாயைக் கவனிக்க வேண்டும்.

புகை இல்லை: டீசல் உருளையை அடையவில்லை.
வெண்புகை: டீசல் வருகிறது, எரியவில்லை. குளோ பிளக் பழுது அல்லது அமுக்கக் குறைவு காரணமாகலாம்.
கரும்புகை: காற்று போதவில்லை. காற்று வடிகட்டி அடைபட்டிருக்கலாம்.

காற்றை வெளியேற்றல்

டீசல் தீர்ந்தாலோ, வடிகட்டியை மாற்றினாலோ, குழாய் இணைப்பு கசிந்தாலோ எரிபொருள் வழியில் காற்று புகும். பட்டறைகளில் இது 'ஏர் லாக்' எனப்படும். காற்று அமுங்கக் கூடியதாதலால், பம்பின் அழுத்தம் நாசிலைத் திறக்கப் போதாது. வடிகட்டியின் மேலுள்ள திருகைத் தளர்த்தி, குமிழின்றி டீசல் வரும்வரை கைப்பம்பை இயக்கி, பின்னர் திருகை இறுக்க வேண்டும். அதன் பின்னரும் டீசல் செல்லாவிடில், உட்செலுத்து பம்பிலுள்ள எரிபொருள் நிறுத்தும் மின்வால்வைச் சோதிக்க வேண்டும்.

பாதுகாப்பு

ஸ்டார்ட்டரைத் தொடர்ந்து 10 முதல் 15 நொடிகளுக்கு மேல் இயக்கினால் அதன் சுருள் கருகக்கூடும். ஒவ்வொரு முயற்சிக்கும் இடையே ஓரிரு நிமிடம் விட வேண்டும். குளோ பிளக் உள்ள பொறியில் ஈதர் தெளித்தால் வெடித்தெரிந்து பொறி சிதையலாம். நாசிலிலிருந்து பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உட்புகும். காயம் சிறிதாகத் தோன்றினாலும் உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காமன் ரெயில் வகைப் பொறிகளில் அழுத்தம் 1,000 பாருக்கும் மேற்படுவதால், பொறி சுழலும்போது அவற்றின் உயர் அழுத்தக் குழாய்களைத் தளர்த்தக் கூடாது.