ஜூன் 14: இரண்டு தளபதிகளும் ஒரு மாணவனும்

1800-ஆம் ஆண்டு, ஜூன் திங்கள் 14-ஆம் நாள். பிரெஞ்சுக் குடியரசின் பெருந்தளபதிகள் இருவர் அன்று மாண்டனர். ஒருவர் தெசே; இத்தாலியில், மாரெங்கோ சமவெளியில், குண்டு பாய்ந்து வீழ்ந்தார். மற்றவர் கிளேபர், எகிப்தின் தலைநகராம் கெய்ரோவில், தாம் தங்கியிருந்த மாளிகையின் தோட்டத்தில், கத்திக்குத்துக்கு இரையானார். இருவருக்கும் இடையே கடல். இரு சாவுகளுக்கும் இடையே சில மணி நேரம். அந்த ஆண்டின் தொடக்கம் வரையில் ஒரே மணல்வெளியில், ஒரே படையில் இருந்த தோழர்கள் இவர்கள்!

ஒரே தேதியில் மாண்ட படைத்தலைவர்களைப் பட்டியல் போட்டு, விதி என்றும் கிரகக் கோளாறு என்றும் கதை அளப்பது சிலருக்குப் பொழுதுபோக்கு. ஆண்டுக்கு 365 நாள். போர்களோ கணக்கில் அடங்கா. தேதி பொருந்துவதில் என்ன விந்தை இருக்கிறது? செத்தவர்களை ஆளவந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள், விந்தை அங்கேதான் இருக்கிறது.

முதலில் இவர்கள் யார் என்று சொல்லிவிடுவோம். கிளேபர் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்துக் கட்டட வேலைக்காரர் ஒருவரின் மகன். கட்டடக் கலை பயின்றவர். பிறப்பால் உயர்ந்தோருக்கே உயர்பதவி என்றிருந்த பழைய ஆட்சியில் அவருக்கு வழி இல்லை. புரட்சி வந்தது, வழி திறந்தது, தளபதியானார். தெசேயோ பிரபுக் குடும்பத்தில் 1768-இல் பிறந்தவர். உடன்பிறந்தோர் நாட்டைவிட்டு ஓடி மன்னர் பக்கம் நின்றபோது, இவர் மட்டும் புரட்சியின் பக்கம் நின்றார்.

1798-இல் நெப்போலியன் எகிப்து மீது படையெடுத்தபோது இருவரும் உடன் சென்றனர். எகிப்தைப் பிடித்தால் இந்தியாவுக்குச் செல்லும் ஆங்கிலேயன் வழியை மறிக்கலாம் என்பது கணக்கு. கெய்ரோவிலிருந்து நெப்போலியன் திப்பு சுல்தானுக்கு ஒரு கடிதமும் எழுதினார்; அது வழியிலேயே ஆங்கிலேயர் கையில் சிக்கியது. 1799 மே 4-ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது, திப்புவும் களத்திலே வீழ்ந்தார். கணக்கு அத்தோடு பொய்த்தது.

கணக்கு பொய்த்ததும் நெப்போலியன் என்ன செய்தார்? அந்த ஆண்டு ஆகஸ்டில், சில நெருங்கியவர்களை மட்டும் அழைத்துக்கொண்டு, இரவோடு இரவாகக் கப்பலேறிவிட்டார்! "என்னை வந்து காண்க" என்று கிளேபருக்குச் சொல்லியனுப்பிய இடத்தில் அவர் இல்லை. கடிதம்தான் வந்து சேர்ந்தது. இனி நீரே தலைமைத் தளபதி என்றது கடிதம். கஜானா காலி, படையினருக்குச் சம்பளப் பாக்கி, கப்பற்படையோ முந்திய ஆண்டே நெல்சனால் அழிக்கப்பட்டுவிட்டது. கிளேபர் கொதித்தார். பாரிசில் இருந்த ஆட்சிக் குழுவுக்கு, நெப்போலியன் விட்டுச்சென்ற நிலையை விவரித்துக் கடுமையாக ஒரு முறையீடு எழுதினார். அது பாரிஸ் போய்ச் சேர்ந்தபோது அந்த ஆட்சிக் குழுவே இல்லை; நவம்பரில் அதைக் கவிழ்த்து நெப்போலியன் முதல் கான்சல் ஆகிவிட்டிருந்தார். யார் மீது புகாரோ, அவர் கையிலேயே புகார் மனு! நம் ஊர் அலுவலகங்களில் இது நடப்பதைக் கண்டு வியப்பவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

எகிப்தை விட்டு மானத்தோடு வெளியேற, 1800 ஜனவரியில் எல் அரீஷ் என்ற இடத்தில் துருக்கியரோடு கிளேபர் உடன்பாடு செய்துகொண்டார். அவர் சார்பில் கையொப்பமிட்டவர்களில் ஒருவர் தெசே. ஆங்கிலேயத் தளபதி கீத், சரணடைந்து போர்க் கைதிகளாகுங்கள், வேறு பேச்சில்லை என்றார். மார்ச்சில் ஹீலியோபாலிஸ் களத்தில் கிளேபர் துருக்கிப் படையைச் சிதறடித்தார். அதே வேளையில் கெய்ரோ மக்கள் கிளர்ந்தெழுந்தனர். பூலாக் பகுதி பீரங்கிக்கும் நெருப்புக்கும் இரையாயிற்று. ஊர் அடங்கிய பிறகு தாங்க முடியாத தண்டவரி. பிரபுக்களின் ஆட்சியை எதிர்த்து எழுந்த ஒரு புரட்சியின் பிள்ளை, அயலான் மண்ணில் போய்ப் பிரபுவாக உட்கார்ந்த கதை இது.

தெசே இதற்குள் கப்பலேறிவிட்டார். வழியில் ஆங்கிலேயர் பிடித்து வைத்தனர், பிறகு விட்டனர். ஜூன் 11-இல் இத்தாலியில் நெப்போலியனோடு சேர்ந்தார். 13-ஆம் நாள், எதிரி தெற்கே தப்பிவிடுவான் என்று தவறாக எண்ணிய நெப்போலியன், தெசேயை ஒரு பிரிவுப் படையோடு நோவி நோக்கி அனுப்பினார். மறுநாள் காலை ஆஸ்திரியப் படை முழுவதும் நெப்போலியன் மீதே பாய்ந்தது. திரும்பி வா என்று தெசேக்கு ஆள் பறந்தது. பிற்பகலில் பிரெஞ்சுப் படை பின்வாங்கிக்கொண்டிருந்தது. 71 வயதான ஆஸ்திரியத் தளபதி மெலாஸ், வெற்றி நமதே என்று களத்தைவிட்டு ஊருக்குள் சென்றுவிட்டார். அந்த நேரத்தில் தெசே வந்தார், தாக்கினார், தாக்குதலின் தொடக்கத்திலேயே சுடப்பட்டு மாண்டார். கெல்லர்மான் சில நூறு குதிரைவீரர்களோடு ஆஸ்திரியரின் பக்கவாட்டில் பாய்ந்து போரை முடித்துவைத்தார்.

இனித்தான் சங்கதி. வருங்காலத் தலைமுறை நினைக்கும்படி போதிய அளவு செய்யாமல் சாகிறேனே என்ற வருத்தத்தை முதல் கான்சலிடம் சொல்லுங்கள் என்று தெசே சாகும்போது சொன்னதாக நெப்போலியனின் போர் அறிக்கை வெளியிட்டது. அந்த மனிதர் விழுந்ததையே பலர் பார்க்கவில்லை. புகையிலும் நெரிசலிலும் உடனே உயிர் போயிற்று. ஆடை உரிக்கப்பட்டுக் கிடந்த உடலை, அவருடைய துணை அதிகாரி சவாரி, தலைமுடியைக் கொண்டு அடையாளம் கண்டார். செத்தவன் வாய் திறக்கவில்லை. இருப்பவன் அவனுக்கு வசனம் எழுதினான்! அதோடு விட்டாரா? மாரெங்கோ போர் வரலாற்றையே பின்னாளில் ஒன்றுக்கு இருமுறை திருத்தி எழுதச் செய்தார். பின்வாங்கியதெல்லாம் திட்டமிட்ட பின்வாங்கல் ஆயிற்று.

கெய்ரோவில் அதே ஜூன் 14-இல் கத்தியோடு வந்தவன் சுலைமான் அல் ஹலபி. சிரியாவின் அலெப்போ நகரத்தவன். அல் அஸ்ஹர் பள்ளியில் பயின்றவன். வயது இருபத்து நான்கு அளவில். கட்டடக் கலைஞர் புரொத்தேனோடு கிளேபர் தோட்டத்தில் நடந்துகொண்டிருந்தபோது, மனு கொடுக்க வருபவன் போல் அணுகிக் குத்தினான். தடுக்க வந்த புரொத்தேனும் காயமடைந்தார். துருக்கி அதிகாரிகள் தூண்டினர், என் தந்தை மீதான வரிக்கொடுமையைத் தீர்ப்பதாக வாக்களித்தனர் என்று அடி உதைக்குப் பின் அவன் சொன்னதாக விசாரணை ஏடு கூறுகிறது. ஆகவே அவனைத் தூய தேசபக்தன் என்று பல்லக்கில் ஏற்றவும் நமக்கு மனம் வரவில்லை. அவனை ஏவிய துருக்கியனும் எகிப்தியனுக்கு அயலான்தானே! ஆனால் வெறியன் என்று பிரெஞ்சுக்காரர் குத்திய முத்திரையையும் ஏற்பதற்கில்லை. பூலாக் எரிந்த இரண்டு மாதத்துக்குள் நடந்தது இது.

அக்காலத்து எகிப்திய வரலாற்றாசிரியர் அல் ஜபர்த்தி, பிரெஞ்சுக்காரர் கையோடு பிடித்தவனை உடனே வெட்டிப்போடாமல் விசாரணை நடத்தியதை வியந்து குறித்துவைத்தார். வியக்கத்தக்கதுதான். தண்டனையையும் பார்க்கவேண்டாமா? திட்டத்தை அறிந்தும் சொல்லவில்லை என்று அல் அஸ்ஹரைச் சேர்ந்த மூவரின் தலை வெட்டப்பட்டது. சுலைமானின் வலக் கை நெருப்பில் பொசுக்கப்பட்டது. பிறகு கழுவேற்றினர். மனித உரிமைப் பிரகடனம் செய்த நாட்டின் படை, 1800-இல், கழுமரத்தை நாட்டியது!

1800 செப்டம்பரில் பாரிசில், தெசே, கிளேபர் இருவருக்குமாக ஒரு நினைவுச் சின்னத்துக்கு நெப்போலியன் அடிக்கல் நாட்டினார். எழும்பியது 1810-இல் தெசேயின் சிலை மட்டும். கிளேபருக்கு அங்கே இடமில்லை. 1801-இல் பிரான்சுக்கு வந்த கிளேபரின் உடல், மார்சேய் துறைமுகத்துக்கு எதிரே இஃப் தீவுக் கோட்டையில், ஆம், சிறைக் கோட்டையில், கிடந்தது. ஒரு நாளா, ஒரு மாதமா? நெப்போலியன் முடிசூடி, முடியிழந்து, செயின்ட் ஹெலினாவுக்குப் போன பிறகும் கிடந்தது! 1818-இல், மீண்டு வந்த மன்னராட்சிதான் அதைச் ஸ்ட்ராஸ்பர்க் போகவிட்டது. புகார் எழுதிய குடியரசுக்காரனின் கல்லறை மக்கள் கூடுமிடம் ஆகிவிடும் என்ற அச்சமே காரணம் என்று எழுதுவோர் பலர். அச்சமில்லாவிட்டால் பிணத்தைச் சிறைவைப்பானேன்?

தெசேயின் சிலையும் நிலைக்கவில்லை. ஆடையின்றி வடித்திருந்த அதைக் கண்டு பாரிஸ் மக்கள் நகைத்தனர். மன்னராட்சி திரும்பியதும் இறக்கினர். அந்த வெண்கலம் நான்காம் ஹென்றி மன்னர் சிலைக்குள் உருகிப்போயிற்று.

சுலைமானின் எலும்புகளைப் படை மருத்துவர் லாரே பாரிசுக்குக் கொண்டுபோனார். மண்டையோட்டின் மேடுபள்ளத்தைத் தடவிக் குணத்தைச் சொல்லும் போலி விஞ்ஞானம் கொடிகட்டிப் பறந்த காலம். மருத்துவ மாணவர்களுக்குக் கொலைவெறியின் மேடு இதோ என்று அந்த ஓட்டைக் காட்டினார்கள் என்பர். பின்னர் அது அருங்காட்சியகத் தொகுப்பில் சேர்ந்தது. ஸ்ட்ராஸ்பர்க்கில் கிளேபருக்குச் சதுக்கமும் சிலையும். சுலைமானுக்குப் பாரிசில் ஒரு பெட்டியும் எண்ணும்.

2020 ஜூலையில் 24 மண்டையோடுகளைப் பிரான்ஸ் அல்ஜீரியாவிடம் ஒப்படைத்தது. 2023 டிசம்பரில், பிற நாட்டு மனித எச்சங்களைத் திருப்பித் தருவதற்கென்றே ஒரு சட்டமும் இயற்றியது. 2025 ஆகஸ்டில் மடகாஸ்கருக்கு மூன்று ஓடுகள் போயின. அந்தச் சட்டப்படி, வேண்டுகோள் ஓர் அரசிடமிருந்து வரவேண்டும். சுலைமான் பிறந்தது சிரியாவில், கழுவேறியது எகிப்தில். கேட்கவேண்டியது டமாஸ்கஸா, கெய்ரோவா?