மடிக்கணினிக்கு மூச்சு வாங்குகிறதா?

மாணவர்களே, காப்பார் மின் நிலையத்தின் உயர்ந்த புகைபோக்கிகளைப் பார்த்திருப்பீர்கள். அது மின்சாரம் தரும் கட்டமைப்பு 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்குகிறது. உற்பத்தியைவிடத் தேவை மிகுந்தால் அதிர்வெண் சரியும். அளவுக்கு மீறிச் சரிந்தால், சில பகுதிகளின் இணைப்பு தானாகவே துண்டிக்கப்படும், மற்றவை பிழைக்கும்.

கணினியின் மையச் செயலகத்துக்கும் இந்த நெருக்கடி வரும். இயங்குதளம் ஒவ்வொரு நிரலுக்கும் சில மில்லிவினாடிகளை முறைவைத்துப் பங்கிடுகிறது. முடிவற்ற சுழலில் சிக்கிய நிரல் தன் பங்கை வீணாகவே தின்னும். வெப்பம் ஏறும்; விசிறி இரையும். சூட்டைத் தணிக்கச் செயலகம் தன் வேகத்தையே குறைத்துக்கொள்ளும். அதனால் எல்லா நிரல்களும் மந்தமாகும்.

விண்டோஸ் கணினியில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் விசைகளை ஒன்றாக அழுத்துங்கள். ‘டாஸ்க் மேனேஜர்’ திறக்கும். ‘சிபியு’ தலைப்பைச் சொடுக்கினால், அதிகம் விழுங்கும் நிரலைக் கண்டுபிடிக்கலாம். முதலில் வேலையைச் சேமித்து, அதை வழக்கம்போல் மூடப் பாருங்கள். அசையாவிட்டால் மட்டும் ‘எண்ட் டாஸ்க்’ கொடுங்கள், சேமிக்காதது போய்விடும்.

காணொளித் தொகுப்பு 100 விழுக்காட்டைத் தொடுவது இயல்பே, பொறுத்திருங்கள். பெயர் தெரியாத நிரலை உடனே நிறுத்தாதீர்கள். அது இயங்குதளத்தின் உறுப்பாக இருந்தால் கணினியே முடங்கலாம். நிறுத்திய பின்னும் அந்நிய நிரல் திரும்பத் திரும்ப வந்தால், நச்சுநிரல் சோதனை செய்யுங்கள். மின்னியல் நாணயம் தோண்ட உங்கள் கணினியை யாரோ மறைவில் பயன்படுத்தவும் கூடும்.