பூட்டியபடியே பழுதாகும் டிவிடிகள்

1993-இல் லண்டனில் ஹென்டர்சன் ஆய்வகம் தீப்பிடித்தது. ‘பதேர் பாஞ்சாலி’ உட்பட சத்யஜித் ராய் படங்கள் பலவற்றின் மூல நெகட்டிவ்கள் அதில் கருகின. ‘பதேர் பாஞ்சாலி’யைப் புதுப்பித்துத் திரையிட 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் ராயும் இன்னொரு வங்க இயக்குநரான ரித்விக் கட்டக்கும் கொல்கத்தா வீடுகளில் விசிடியாகவும் டிவிடியாகவும்தான் வாழ்ந்தார்கள். அவற்றை விற்ற பார்க் ஸ்ட்ரீட் மியூசிக் வேர்ல்டு 2013-இல் மூடப்பட்டது. புது மடிக்கணினிகளில் டிவிடி டிரைவும் அநேகமாக இல்லை. வட்டுகள் மட்டும் அந்த ஊரின் மழைக்கால ஈரத்தில் அலமாரிகளில் கிடக்கின்றன.

ஈரம் டிவிடிக்கு ஆகாது. 0.6 மி.மீ. தடிமனுள்ள இரண்டு பிளாஸ்டிக் தட்டுகளைப் பசை போட்டு ஒட்டியதுதான் டிவிடி. தகவலைத் தாங்கும் உலோகப் பூச்சு நடுவில் இருக்கிறது. விளிம்பில் பசை விட்டால் பூச்சு அரிக்கத் தொடங்கும். சிறு கீறல்களைப் பிழைதிருத்தக் கணக்கு சமாளித்துவிடும். அரிப்பு அதன் எல்லையை மீறினால் 16 செக்டர்கள் கொண்ட ஒரு தொகுதியே கைவிட்டுப் போகலாம்.

கெடுவதற்குள் கணினியில் ஏற்றிவிடலாம் என்று பார்த்தால், வணிக டிவிடிகள் பலவற்றில் சிஎஸ்எஸ் என்ற பூட்டு இருக்கிறது. 1996-இல் வந்த இந்தப் பூட்டின் சாவி 40 பிட் நீளம். வட்டின் உள்வளையத்தில் சாதாரணக் கோப்புகளுக்கு எட்டாத இடத்தில் ஒரு சாவித்தொகுப்பு இருக்கும். கோப்புகளை மட்டும் நகலெடுத்தால் அது கூடவே வராது; படம் சிதறிய கட்டங்களாகத் தெரியும். கடையில் வாங்கும் வெற்று டிவிடியிலோ அந்த இடத்தில் எழுதவே முடியாது. இரட்டை அடுக்கு வட்டில் 8.5 ஜிபி வரை இருக்கும், சாதாரண வெற்று வட்டு கொள்வது 4.7 ஜிபி. சில நிறுவனங்கள் வேண்டுமென்றே பழுதான செக்டர்களையும் புகுத்தின. வீட்டு பிளேயர் அவற்றைத் தொடாமல் தாண்டிப் போகும். வரிசையாகப் படிக்கும் கணினி அங்கே திணறும். எது ஈரம் தின்றது, எது நிறுவனம் கெடுத்தது என்று அதற்குப் பிரித்தறியத் தெரியாது. பழைய வட்டை மீட்க முயல்பவருக்கு இதைவிடப் பெரிய கொடுமை இல்லை.

திருட்டு வட்டு அடிப்பவரை இந்தப் பூட்டு தடுக்கவில்லை. 1999-இலேயே டெசிஎஸ்எஸ் என்ற சிறு நிரல் அதைத் திறந்துவிட்டது. அதற்காக வழக்குக்குள்ளான நார்வே இளைஞர் ஜான் லெக் யோஹான்சனை 2003-இல் நீதிமன்றம் விடுவித்தது.

நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்ந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் எண்ணத்தோடு பூட்டை உடைப்பவருக்கு இரண்டாண்டு வரை சிறை என்கிறது. சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத நோக்கத்துக்கு அதில் விலக்கு உண்டு. ஆனால், அப்படிப்பட்ட நோக்கத்துக்காக வாடிக்கையாளரின் வட்டைத் திறந்து தரும் கொல்கத்தா சாந்தினி சந்தைக் கடைக்காரர், அந்த வாடிக்கையாளரின் பெயர், முகவரி, நோக்கம் எல்லாவற்றையும் பதிந்து வைக்க வேண்டும்.

நூலகங்களுக்கு அதே திருத்தம் தந்த சலுகைதான் எனக்கு ஆற்றாமையைத் தருகிறது. லாபநோக்கற்ற பொது நூலகம் பாதுகாப்புக்காக ஒரு படைப்பை மின்வடிவில் சேமிக்கலாம்; ஆனால் அதன் டிஜிட்டல் அல்லாத பிரதி நூலகத்தின் கையில் இருக்க வேண்டும். ஃபிலிம் சுருள் வைத்திருக்கும் நூலகத்துக்கு இது உதவும். டிவிடி மட்டுமே வைத்திருக்கும் நூலகத்துக்கு இந்தச் சலுகையில் இடமில்லை.